பத்தாவது கட்டம்

தை பிறந்து மூன்றாம் நாள்
போன் அடிக்கத் தொடங்கும்.
"அக்கா, சித்திரைக்கு ஒரு வண்டி.
போன வருசம் நின்ன அதே வேப்பமரத்தடி."
சாயல்குடி வெயிலுமுத்து.
பேசி முடிக்குமுன்
ஐந்நூறு வந்துவிழும் சத்தம்.

மூன்றுமாவடியில் எங்களுக்குப் பதினாலு சென்ட்.
வீடு கட்ட வாங்கிப் போட்டது.
பணம் வேறு வழியில் போய்விட்டது.
வருசத்தில் நான்கு நாள்
அந்த வெற்றிடம் ஓர் ஊர்.

கோலமாவால் பத்துக் கட்டம் போடுவேன்.
கட்டத்துக்கு ஒரு வண்டி.
உள்ளே மெத்தை, பின்கதவில் அடுப்பு,
தார்ப்பாய்க்கடியில் தொட்டில்.
கமுதிக்காரர்கள் ஒரே வண்டியில் பதினேழு பேர்.
கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர்
வண்டிக்குள்ளேயே குளியலறை கட்டியிருக்கிறார்,
தண்ணீர் மட்டும் என் குழாயில்.

மாசி முடிவதற்குள் ஒன்பதும் போய்விடும்.
பங்குனியில் கேட்பவர்களிடம் சொல்வேன்:
"அழகரே லேட்டா வந்துதான்
தங்கச்சி கல்யாணத்தப் பாக்காமத் திரும்புனாரு.
நீங்க எம்மாத்திரம்?"
சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள்,
ஏசிவிட்டு வைப்பவர்களும் உண்டு.

பத்தாவதை விற்பதில்லை.
குழாயை ஒட்டின கட்டம், சகதி, கொசு
என்று காரணம் சொல்வேன்.
அது சோணைமுத்துக்கு.

என் அண்ணன். லாரி டிரைவர்.
என் கல்யாணத்தன்று
நாக்பூரில் ஆரஞ்சு ஏற்ற நின்றவன்
தாலி ஏறி, பந்தி முடிந்து,
இலை அள்ளுகிற நேரத்துக்கு வந்தான்.
வாசலோடு நின்று
மொய்க்கவரை சமையல்காரர் கையில் கொடுத்துவிட்டுப்
போனான்.
ஏன் உள்ளே வரவில்லை என்று
இருபத்திரண்டு வருசமாக நான் கேட்கவில்லை.

ஆனால் எதிர்சேவைக்கு முந்தின ராத்திரி
ஊர் உறங்கினபின்
ஹெட்லைட்டை அணைத்துக்கொண்டு ஒரு வண்டி
சகதியில் ஏறி நிற்கும்.
வந்துவிட்டேன் என்று அவன் சொன்னதில்லை.
இடம் பிடித்து வைத்தேன் என்று நானும்.

இந்த வருசம் தை ஏழாம் தேதி
அவன் நம்பரிலிருந்து போன்.
"ஒரு எடம் வேணும்.
கூட்டம் ஜாஸ்திங்கறாங்க."
தெரியாத ஆளிடம் கேட்கிற குரல்.
பின்னாலேயே ஐந்நூறு.

திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது.
மறுபடி அனுப்பினேன்.
அறுநூறாக வந்தது.

நோட்டை விரித்து
முதல் தடவையாக அவன் பெயரை எழுதினேன்:
ஒன்பது, சோணைமுத்து, அட்வான்ஸ் வரவு.
பேனா மூடியைத் தேடினேன் வெகுநேரம்.
பல்லுக்கிடையில் இருந்தது.

ஒரு நாள் முன்னதாக வந்தான்,
பட்டப்பகலில், ஆரன் அடித்துக்கொண்டு,
பழைய ஆம்னி வேனில்.
லாரியை விற்றுவிட்டானாம்.
இறங்கும்போது வலது முட்டியைக்
கையால் தூக்கி வைத்தான்.
"எது ஏங்கட்டம்?"
காட்டினேன். நல்ல நிழல்.
அவன் குழாயடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு
சந்துமுனையில் வெளிச்சம்.
தென்காசி வண்டி. தோளில் தூங்குகிற பிள்ளை.
"புதூர்ல இருந்து கேட்டுட்டே வர்றோம்,
எங்கயும் எடமில்லன்னுட்டாங்க."
அழகர் கதையை எடுக்க வாய் திறந்தேன்.
அதற்குள் பின்னால் டார்ச் வெளிச்சம்.
கைலியை மடித்துக் கட்டி, நொண்டிக்கொண்டு,
பத்தாவது கட்டத்தில் நின்று
அண்ணன் கையசைத்தான்.
"வா... வா... லெப்ட்ல ஒடி...
வா... போதும்."

"எவ்வளவுங்க?" என்றார் தென்காசிக்காரர்.
அண்ணன் என்னைப் பார்த்தான்.

"விடிஞ்சா குழாயில கூட்டமாயிரும்," என்றேன்.
"இப்பவே ரெண்டு கொடம்
பிடிச்சு வச்சுக்கங்க."